விசாரிப்பும் பதிவேடும்: துணைவரின் வன்முறை வரலாற்றை அறிதல்

திருமணத்துக்கு முன் பையனைப் பற்றி விசாரிப்பது தமிழ்நாட்டில் எந்தச் சட்டத்தைக் காட்டிலும் மூத்த ஏற்பாடு. தரகர், தாய்மாமன், மாப்பிள்ளையின் ஊரில் பெண்ணெடுத்த உறவினர், அவர் வேலை பார்க்கும் ஆலையில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன், தெருமுனைத் தேநீர்க் கடைக்காரர் என்று பலர் வாயிலாக நடைபெறும் இவ்விசாரிப்பில் சம்பளம், நிலம், கடன், குலதெய்வம், ஜாதகம், கூடப்பிறந்தவர்களின் நிலை ஆகிய அனைத்தும் கேட்கப்படுகின்றன. 'கெட்ட பழக்கம் ஏதும் உண்டா' என்ற கேள்வியும் தவறுவதில்லை. ஆனால் அக்கேள்வி குடியையும் சூதையும் பிற பெண் தொடர்பையும் பற்றியது என்றே கேட்பவரும் சொல்பவரும் எடுத்துக்கொள்கின்றனர். வீட்டுப் பெண்களிடம் கை நீட்டுகிறவரா, முன்னரே மணமாகியிருந்தால் அந்தப் பெண் எதனால் தாய்வீடு திரும்பினார் என்பவை அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. யாரேனும் கேட்டுவிட்டாலும், ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்ற விடை ஆயத்தமாக இருக்கிறது. கோபக்காரரைத் திருத்தும் மருந்தாக ஒரு பெண்ணைக் கொடுக்கச் சம்மதிக்கிறோம் என்பது அவ்விடையைக் கேட்டுத் தலையசைத்துத் திரும்புவோர் பலருக்கு உறைப்பதேயில்லை.

இங்கே வன்முறை என்பது அடியை மட்டும் குறிப்பதன்று. 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், உடல்வழிக் கொடுமை, பாலியல் கொடுமை, சொல்லாலும் உளவியலாலும் இழைக்கப்படும் கொடுமை, பொருளாதாரக் கொடுமை ஆகிய நான்கையும் ஒரே வரையறைக்குள் கொண்டுவருகிறது. மணம் புரிந்தவர்களுக்கு மட்டுமன்றித் திருமணத்தின் தன்மையுடைய உறவில் ஒரே வீட்டில் வாழ்வோருக்கும் வாழ்ந்தோருக்கும் அது பொருந்துகிறது. ஆலைகள் மிகுந்த வட்டாரத்தில் இவ்வரையறையின் கடைசிக் கூறு தனிக் கவனத்துக்குரியது. மனைவியின் சம்பளக் கணக்குக்குரிய ஏ.டி.எம். அட்டையைக் கணவர் தம் சட்டைப்பையில் வைத்திருப்பது, இரவு ஷிப்ட்டுக்குச் செல்லத் தடை விதிப்பது, வேலையை விட்டு நிற்கச் செய்வது ஆகியவை அக்கம்பக்கத்தாரின் கண்ணுக்குக் கண்டிப்பாகத் தெரியலாம், அக்கறையாகத் தெரியலாம். சட்டத்தின் கண்ணில் அவை பொருளாதாரக் கொடுமையாகக் கூடியவை.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்கு எல்லையில், சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள கும்மிடிப்பூண்டியும் அதன் சிப்காட் வளாகமும், மேற்கே தேர்வாய் கண்டிகையில் பின்னர் எழுந்த தொழிற்பூங்காவும், திருவள்ளூர் நகரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டையும் மேற்கூறிய பழைய விசாரிப்பு முறையை இரண்டு வகையில் குலைத்துள்ளன. இரும்பு உருக்காலைகளிலும் உருட்டாலைகளிலும் ஒப்பந்த முறையில் வேலை செய்யப் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களிலிருந்து வந்து லைன் வீடுகளில் தங்கும் ஆண்களின் ஊரைத் தேடிச் சென்று கேட்டுவர இங்குள்ள தாய்மாமன்களால் இயலாது. மறுபுறம், பிற மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலை செய்யும் இளம்பெண்கள், ஆலைப் பேருந்திலும் சூளூர்ப்பேட்டை வரை ஓடும் புறநகர் ரயிலிலும் எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி ஆலைகளிலும் சந்திப்பவர்களைத் தாமே தேர்ந்து மணக்கின்றனர். கும்மிடிப்பூண்டியில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வாழ்வோருக்கோ விசாரித்தறிய வேண்டிய ஊர் கடலுக்கு அப்பால் இருக்கிறது.

இம்மாற்றத்தை இழப்பு என்று மட்டும் கணக்கிடுவது பிழையாகும். உறவினர் வழி விசாரிப்பு சாதிக்குள் இயங்கும் வலை. சாதிக்கு வெளியே ஒருவரைத் தேர்ந்த பெண்ணுக்கு அவ்வலை பாதுகாப்புத் தருவதில்லை, மிரட்டலையே தருகிறது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் கோரும் 30 நாள் முன்னறிவிப்பு, மணமக்களின் பெயரையும் முகவரியையும் பதிவு அலுவலகப் பலகையில் ஒட்டச் செய்கிறது. மறைக்கப்பட்ட முந்தைய திருமணம் எதுவும் இருந்தால் வெளிப்படட்டும் என்பது அதன் நோக்கம். நடைமுறையிலோ வீட்டை விட்டு வெளியேறிய காதலர்களைத் தேடி வருவோருக்கு அது வழிகாட்டியாகிவிடுகிறது. ஆகவே பழைய விசாரிப்பை மீட்பது இங்கே தீர்வாகாது. உறவினரின் தயவு இல்லாத ஒரு பெண், தாம் வாழவிருக்கும் ஆணைப் பற்றி, முன்பு ஒரு பெண்ணுக்கு அவரால் நேர்ந்ததை அரசின் பதிவேட்டிலிருந்து அறிய முடியுமா என்பதே ஆராயத்தக்கது.

அறிய முடியும் என்று விடையளித்த நாடு பிரிட்டன். 2009 பிப்ரவரியில் இங்கிலாந்தின் சால்ஃபோர்ட் நகரில் கிளேர் வுட் என்ற பெண்ணை அவருடைய முன்னாள் துணைவர் ஜார்ஜ் ஆப்பிள்டன் கொலை செய்தார். அவருக்குப் பெண்களைத் துன்புறுத்திய வரலாறு இருந்தது. காவல்துறைக்குத் தெரிந்திருந்த அது கிளேருக்குத் தெரியவில்லை. கிளேரின் தந்தை மைக்கேல் பிரவுன் நடத்திய இயக்கத்தின் விளைவாக, 2012இல் சில காவல் வட்டாரங்களில் சோதனை முறையில் தொடங்கிய குடும்ப வன்முறை வெளிப்படுத்தல் திட்டம், 2014 மார்ச்சில் இங்கிலாந்து, வேல்ஸ் முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. 'கிளேர் சட்டம்' என்று பரவலாக அழைக்கப்பட்டாலும் அது தொடக்கத்தில் தனிச் சட்டமன்று. 2021ஆம் ஆண்டின் குடும்பக் கொடுமைச் சட்டமே அதன் வழிகாட்டு நெறிகளுக்குச் சட்டப் பின்புலம் தந்தது. இத்திட்டத்துக்கு இரண்டு வாயில்கள் உள்ளன. கேட்கும் உரிமை என்பது, துணைவரைப் பற்றி ஐயம் கொண்டவரோ அவருக்காகக் கவலைப்படும் பெற்றோர், தோழி, அண்டைவீட்டார் போன்றோரோ காவல்துறையிடம் வினவுவது. அறியும் உரிமை என்பது, யாரும் கேட்காத நிலையிலும் ஆபத்தை உணர்ந்த காவல்துறை தானே முன்வந்து எச்சரிப்பது. யார் கேட்டாலும், தம்மைக் காத்துக்கொள்ளவோ பிறரைக் காக்கவோ தகுந்த இடத்தில் இருப்பவருக்கே தகவல் சொல்லப்படும். கேட்டதைப் பிறரிடம் பரப்புவதில்லை என்ற உறுதியும் பெறப்படும். தண்டனைத் தீர்ப்புகளோடு நில்லாமல், வழக்காகாத புகார்களையும் காவல்துறை கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்பதே இத்திட்டத்தின் உயிர்நாடி. பின்னர் ஸ்காட்லாந்தும் நியூசிலாந்தும் கனடாவின் சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா மாகாணங்களும் இதைப் பின்பற்றின.

இந்தியாவில் இதற்கு நிகரான ஏற்பாடு இல்லை. 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளம் புலனாய்வு அமைப்புகளின் பயன்பாட்டுக்கு மட்டும் உரியது. குடும்ப வன்முறை அதன் வரம்புக்குள் வரவும் இல்லை. இருப்பினும், தமிழ்நாட்டுக் காவல்துறை இணையவழியில் நடத்தும் சரிபார்ப்புச் சேவை கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் பலருக்கும் அறிமுகமானது. வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் தொழிலாளியைப் பற்றியும், வீட்டு உரிமையாளர் குடியிருக்க வருபவரைப் பற்றியும், வீட்டு வேலைக்கு ஆள் வைப்பவர் அவ்வேலையாளைப் பற்றியும் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம். ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சான்று பெறவும் அதில் இடமுண்டு. லைன் வீட்டின் ஓர் அறையை வாடகைக்கு விடுபவருக்குக் கிடைக்கும் வசதி, அவ்வறையில் குடிவருபவரோடு வாழப் போகும் பெண்ணுக்கென்று வகுக்கப்படவில்லை. பையனே தம் பெயரில் சான்று வாங்கிக்கொண்டு வந்து காட்டும்படி பெண் வீட்டார் கேட்பதற்குத் தடையேதும் இல்லை. ஜாதகம் கேட்கக் கூசாதவர்கள் இதைக் கேட்கக் கூசுவது வியப்புக்குரியது.

ஆனால் அந்தச் சான்று எதைச் சொல்லும் என்பதைப் புரிந்துகொள்ளாமல் அதைக் கேட்பது வீண் நம்பிக்கையையே வளர்க்கும். சரிபார்ப்பு, குற்ற வழக்குப் பதிவுகளோடு பெயரையும் முகவரியையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பணி. கணவர் அடித்தார் என்று ஒரு பெண் காவல் நிலையப் படியேறும்போது குற்ற வழக்கு உடனே பிறப்பதில்லை. 1992இல் சென்னையில் முதலாவதாகத் தொடங்கி இன்று மாநிலமெங்கும் பரவியுள்ள அனைத்து மகளிர் காவல் நிலையங்களில், இத்தகைய புகார் பெரும்பாலும் முதலில் சி.எஸ்.ஆர். எனப்படும் சமூகப் பணிப் பதிவேட்டில் ஏற்றப்பட்டு ரசீது தரப்படுகிறது. பின்னர் கணவர் வீட்டார் அழைக்கப்படுகின்றனர்; காவலர்கள் பேசி, இனிமேல் அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு இருவரையும் அனுப்பிவைக்கின்றனர். இது முழுவதும் அதிகாரிகளின் மெத்தனம் என்று சொல்லிவிட முடியாது. 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, கைது செய்தற்குரிய குற்றம் தெரியவந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று விதித்தபோதே, முதற்கட்ட விசாரணைக்கு இடமளிக்கும் சில வகைகளையும் குறிப்பிட்டது. கணவன் மனைவிக்கிடையேயான தகராறுகள் அவ்வகைகளில் ஒன்று. சமாதானத்துக்கு அளிக்கப்பட்ட இந்த இடைவெளி குடும்பங்கள் சிலவற்றைக் காத்திருக்கலாம். ஆனால் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர் மீண்டும் அடித்து, மனைவி பிரிந்து, மூன்றாண்டுகள் கழித்து வேறொரு பெண்ணைப் பார்க்க வரும்போது, அந்தக் காகிதம் நிலையத்தின் அலமாரியில் இருக்கிறது. சான்றிதழோ அவர்மீது வழக்கு எதுவும் இல்லை என்கிறது. இரண்டும் உண்மையே.

அலமாரியில் உறங்கும் காகிதம் அது ஒன்று மட்டுமன்று. மேலே குறித்த 2005ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையியல் தன்மை உடையது. அதாவது, பாதிக்கப்பட்ட பெண் நீதித்துறை நடுவரிடம் பாதுகாப்பு ஆணை, அதே வீட்டில் வசிக்கும் உரிமைக்கான ஆணை, பண உதவி ஆணை போன்றவற்றைக் கோரலாம்; எதிர்மனுதாரர் அதில் குற்றவாளியாக நிறுத்தப்படுவதில்லை. பாதுகாப்பு ஆணையை மீறினால் மட்டுமே 31ஆம் பிரிவின்படி அது ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றமாகிறது. இதனால், ஒரு பெண்ணை அணுகக் கூடாது என்று நீதிமன்றத்தால் தடுக்கப்பட்டவரும் காவல்துறையின் கண்ணோட்டத்தில் மாசற்றவராக விளங்க முடிகிறது. இதே சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் சமூக நலத் துறையின் வாயிலாக மாவட்டந்தோறும் பணிபுரியும் பாதுகாப்பு அலுவலர், பெண் சொல்வதைக் கேட்டு, எந்நாளில் எவ்விடத்தில் என்ன நடந்தது என்பதை உரிய படிவத்தில் நிரப்பிக் குடும்ப நிகழ்வு அறிக்கை தயாரிக்கிறார். அவ்வறிக்கை நடுவருக்குச் செல்வதோடு, அதன் படி ஒன்று எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்துக்கும் அனுப்பப்பட வேண்டும் என்று 9ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு துணைவரின் நடத்தை குறித்து இந்திய அரசிடம் இருக்கும் ஆவணங்களுள் இதைவிட விரிவானது வேறில்லை. இருந்தும், அடுத்து வரும் பெண்ணுக்கு அதைக் காணும் வழி வகுக்கப்படவில்லை.

ஊராரும் உறவினரும் கூடி நிகழ்த்தும் அத்துவிடுதல் எனும் வழக்கமுறை மணமுறிவு எந்தப் பதிவேட்டையும் எட்டுவதில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 29ஆம் பிரிவு வழக்கமுறை மணமுறிவைச் செல்லத்தக்கதாக விட்டுவைத்திருப்பதால், அவ்வழக்கமுடைய சமூகங்களில் முதல் திருமணம் எப்படி முடிந்தது என்பதற்கு வெள்ளைத்தாளில் பெற்ற கையெழுத்துகளும் கூடியிருந்தவர்களின் நினைவும் மட்டுமே சாட்சி.

பொதுமக்களே பார்க்கக்கூடிய ஒரே பெரிய பதிவேடு, மின்னணு நீதிமன்றச் சேவையின் வலைத்தளமும் செயலியும் ஆகும். மாவட்டத்தையும் நீதிமன்ற வளாகத்தையும் ஆண்டையும் தேர்ந்து, வழக்காடுபவரின் பெயரை உள்ளிட்டால், நிலுவையில் உள்ளவையும் முடிந்தவையும் தெரியும். குடும்ப வன்முறை மனு, ஜீவனாம்ச மனு, மணமுறிவுக்கான இந்து திருமண மூல மனு ஆகியவை தனித்தனி எண்வரிசையில் வருவதால், விவரமறிந்தவர் வழக்கின் வகையை எண்ணிலிருந்தே ஊகிப்பார். ஆனால் தமிழ்ப் பெயர்களை இப்பொறி நன்றாகக் கையாள்வதில்லை. குடும்பப் பெயர் இல்லாத, தந்தை பெயரின் முதலெழுத்து மட்டுமே முன்னால் நிற்கும் மரபில், ஏழுமலை என்ற பெயர் ஆங்கில எழுத்தில் ழகரத்துக்கு ஒருவர் இட்ட எழுத்தை இன்னொருவர் இடாததால் நான்கைந்து வடிவங்களில் பதிவாகியிருக்கும்; திருவள்ளூர், பொன்னேரி, திருத்தணி வட்டாரங்களில் அப்பெயருடையவர்களுக்குப் பஞ்சமும் இல்லை. ஒருவரின் வழக்கை மற்றொருவர் தலையில் ஏற்றும் ஆபத்து உண்டு என்பதால், தந்தை பெயரும் ஊரும் ஒத்துவராதவரை திரையில் தோன்றியதை நம்பக் கூடாது. மேலும், வழக்கு இருப்பது குற்றம் உறுதியானதாகாது. நெல்லூரிலோ பாட்னாவிலோ நடந்த வழக்கை அறிய அந்தந்த மாவட்டத்தில்தான் தேட வேண்டும். மாநில எல்லையில் உள்ள ஆரம்பாக்கத்தைத் தாண்டி நடப்பது தமிழ்நாட்டுக் காவல்துறையின் சான்றிலும் எளிதில் வந்து சேராது.

மறைப்பைப் பற்றிச் சட்டம் வைத்திருக்கும் அளவுகோலும் கவனிக்கத்தக்கது. நடப்பில் உள்ள திருமணத்தை மறைத்து இன்னொரு பெண்ணை மணப்பவருக்கு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவு பத்தாண்டுகள் வரை சிறை விதிக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவோ, மணமகனைப் பற்றிய முக்கிய உண்மையை மறைத்து மோசடியாகச் சம்மதம் பெறப்பட்டிருந்தால், அது தெரியவந்த ஓராண்டுக்குள் அத்திருமணத்தை ரத்துச் செய்யக் கோரும் வாய்ப்பைத் தருகிறது. முதல் மனைவியின் கையை முறித்தது 'முக்கிய உண்மை' ஆகுமா என்று கேட்டால், ஆக வேண்டும் என்பதே நியாயமான வாசிப்பு. ஆனால் திருமணத்துக்கு முன் யாருமே அதைக் கேட்கவில்லை என்றால், மறைத்தார் என்று நிறுவுவது கடினம். கேட்கப்படாத கேள்விக்கு இப்படிச் சட்ட விளைவும் இருக்கிறது. ஆகவே அதைச் சாட்சிகளின் முன்னிலையில் வெளிப்படையாகக் கேட்பதும் விடையை எழுத்தில் பெறுவதும் மரியாதைக் குறைவாகக் கருதத்தக்கவை அல்ல.

கிளேர் சட்டத்தை அப்படியே இங்கு கொண்டுவந்தால் போதும் என்ற கருத்து அவ்வப்போது எழுவதுண்டு. ஆனால் நடக்கும் வன்முறையில் பெரும்பகுதி பதிவேட்டை எட்டுவதே இல்லை. 2019–21இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களுள் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகக் கண்டது. இந்திய அளவில் உடல், பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களுள் உதவி நாடியவர்கள் 14 விழுக்காட்டினர் மட்டுமே; அவர்களுள்ளும் பெரும்பாலோர் நாடியது தாய்வீட்டையும் உறவினரையும்தான், காவல்துறையை அன்று. ஆகவே இன்றைய நிலையில் ஒரு பெண் பதிவேட்டைத் திறந்து கேட்டால், ஒன்றுமில்லை என்ற விடையே மிகுதியாகக் கிடைக்கும். அவ்விடை, கேளாமல் இருந்ததைவிடக் கூடுதலான துணிச்சலோடு அவரை அந்த வீட்டுக்குள் அனுப்பிவைக்கும். எழுதப்படாத பதிவேட்டைப் பார்க்கும் உரிமையால் பயன் சிறிது. சி.எஸ்.ஆர். ரசீதோடு முடிந்த புகார்கள், எழுதி வாங்கிய உறுதிமொழிகள், குடும்ப நிகழ்வு அறிக்கைகள் ஆகியவை நபர்வாரியாகத் தொகுக்கப்பட்டு, ஒரே ஆள்மீது இரண்டாம் முறை வரும் புகாரை முதல் புகாரோடு நிலையமே இணைத்துப் பார்க்கும் வழக்கம் ஏற்படுவது முதல் தேவை. அதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை.

ஆண்களின் தரப்பிலிருந்து எழும் மறுப்பையும் ஒதுக்கிவிட முடியாது. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தது. விடுவிக்கப்பட்ட ஒருவரின் பெயரை இணையத்தில் கிடைக்கும் தீர்ப்பிலிருந்து நீக்குமாறு 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டதும், அவ்வாணையை அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்ததும், இவ்வினா இன்னும் தீரவில்லை என்பதைக் காட்டுகின்றன. நிரூபிக்கப்படாத புகாரை எல்லோரும் பார்க்கும் பலகையில் ஒட்டுவது அநீதி. ஆனால் பலகையில் ஒட்டுவதற்கும், ஆபத்தில் இருக்கும் ஒருவரிடம் அலுவலர் நேரில் சொல்வதற்கும் இடையே பெரிய தொலைவு உண்டு. பிரிட்டன் தேர்ந்தது இரண்டாவதை.

அத்தகைய ஏற்பாடு திருவள்ளூரில் அமையுமானால், அதன் வாயிலாகக் காவல் நிலையத்தைவிட மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரே பொருத்தமானவர். அறிக்கைகள் அவரிடம்தான் உருவாகின்றன. 181 மகளிர் உதவி எண்ணோடும், தங்குமிடமும் சட்ட ஆலோசனையும் தரும் ஒருங்கிணைந்த சேவை மையத்தோடும் அவர் தொடர்பில் இருப்பவர். தகவலைச் சொல்லிவிட்டுப் பெண்ணைத் தனியே விடாமல் அடுத்து என்ன செய்வது என்று பேசக்கூடியவரும் அவரே. விடையைத் தாளில் தராமல் வாய்மொழியாகச் சொல்வது, கேட்பவர் உண்மையில் அந்த ஆணோடு உறவில் இருப்பவர்தானா என்று உறுதிசெய்வது, வட மாநிலத் தொழிலாளியானால் அவருடைய சொந்த மாவட்டத்துக்கு எழுதிக் கேட்பது ஆகியவை விதிகளில் எளிதாக எழுதக்கூடியவை. கடினமானது வேறொன்று. ஊத்துக்கோட்டையிலோ பொன்னேரியிலோ தாய்வீட்டில் குழந்தையோடு இருந்து, மாதந்தோறும் வந்தும் வராமலும் இருக்கும் ஜீவனாம்சத்தை நம்பி வாழும் முன்னாள் மனைவி, தம்மைக் காத்துக்கொள்ளப் புகார் கொடுத்தாரேயன்றி, அது இன்னொரு வீட்டில் பேசப்பட வேண்டும் என்பதற்காக அன்று. பெண் வீட்டார் திடீரென்று பின்வாங்கினால், காரணத்தை ஊகித்துக்கொண்டு அந்த ஆண் முதலில் போய் நிற்கும் வாசல் முன்னாள் மனைவியுடையதாகவே இருக்கும். எனவே கேட்டவருக்கு விடை சொல்வதற்கு முன் அலுவலர் அம்முன்னாள் மனைவியிடம் பேசியாக வேண்டும். அவர் மறுத்தால் தகவலைச் சொல்லாமல் விடுவதா, பெயரும் விவரமும் இன்றி எச்சரிக்கை மட்டும் தருவதா என்பதை, விதிகளை எழுதுவோர் முதல் விண்ணப்பம் வருவதற்கு முன்னரே முடிவுசெய்திருக்க வேண்டும்.